வெள்ளைச்சிக்குக் கடல் தாண்ட அனுமதி

1985 ஜூலை 8, திங்கள்

ஏற்காடு முழுக்கக் காலையிலிருந்து மூடுபனி. எதிர்வீட்டுப் பேரிமரத்தைக் காணவில்லை. காய் விழும் சத்தம் மட்டும் அவ்வப்போது.

மூன்றாம் வகுப்புக்குச் சங்கிலித் தையல். பாதிப் பேருக்கு விரல் விறைத்து ஊசி நிற்கவில்லை. கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடச் சொன்னேன். பாட்டு நன்றாக இருந்தது, தையல் சொல்லும்படி இல்லை.

அக்கா கடிதம், சிங்கப்பூரிலிருந்து. பிரசவத்துக்கு ஆகஸ்டுக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்களாம். “முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை நீ பக்கத்தில் இல்லாமல் என்னால் முடியாது அமலி. டிக்கெட் அத்தான் அனுப்புகிறார். யோசிக்கிறேன் என்று மட்டும் எழுதாதே.” கடைசியில் பொடி எழுத்தில், ஓரமாக: “உன் மாத்திரை விஷயம் அத்தைக்குத் தெரிய வேண்டாம். குடும்பத்தில் உள்ளது என்று குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பார். கேட்டால் இரும்புச்சத்து மாத்திரை என்று சொல்லிவிடு.” அத்தை என்பது அத்தானுடைய அம்மா. ஒரே வீடு.

பாஸ்போர்ட் இருக்கிறது. போன தடவைக்கு எடுத்தது. நான் கிளம்புவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

ஏழு மணிக்கு வெள்ளைச்சி. ஃபீனோபார்பிடோன் என்று டாக்டரம்மா நீட்டி முழக்குவார். எனக்குப் பதினாறு வயதிலிருந்து அவள் வெள்ளைச்சிதான். அவள் உள்ளே போன அரை மணியில் விளக்கு கொஞ்சம் தூரம் தள்ளிப் போகும், சத்தங்களுக்கு மெத்தை போட்டதுபோல் ஆகும். பிடித்துத்தான் இருக்கிறது. வலிப்பு என்ற சொல்லை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இப்போது எழுதியாயிற்று.

ஜூலை 11, வியாழன்

தூறல். துணி எதுவும் காயவில்லை. ஈரத் துணியோடே இஸ்திரி.

அத்தான் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார். கணக்கு வாத்தியாராகப் போயிருக்க வேண்டிய மனிதர். அங்கே இந்த மாத்திரை கட்டுப்பாட்டில் உள்ளதாம். மயக்கத்துக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்களாம், அதனால் சட்டம் கடுமை. அவர் எழுதியதும் என் பதிலும்:

— டாக்டர் கடிதம், டைப் அடித்தது. என்ன நோய், என்ன மருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு. (என்ன நோய் என்றுமா? ஆமாம், அதைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.)

— கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். (ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘அமலி’. பாஸ்போர்ட்டில் அமலோற்பவ மேரி. அந்த அம்மாள் யாரென்று எனக்கே சந்தேகம்.)

— கடைப் பாட்டிலில், லேபிளோடு. பொட்டலம் ஆகாது.

— தங்கும் காலத்துக்கு மட்டும். ஒன்றுகூட அதிகம் வேண்டாம்.

— பெரிய பெட்டியில் போடாதே, கைப்பையில் வை.

— சுங்கத்தில், காட்ட ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியில் வராதே. சிவப்பு வழியில் போய், கேட்பதற்கு முன்னால் நீயாக எடுத்துக் காட்டு. மறைத்து வைத்து அவர்களாகக் கண்டுபிடித்தால் போலீஸ்தான், அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது.

இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு. அக்கா மறைக்கச் சொல்கிறாள், அத்தான் காட்டச் சொல்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்சம் பேசிக்கொண்டு எழுதியிருக்கலாம்.

மத்தியானம் உட்கார்ந்தபடியே தூக்கம், கனவு. சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே புடவை இல்லை, முழுக்கப் பனி. மெல்ல எழுந்து மேசை மேல் வழிகிறது. “இது எவ்வளவு? எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, விழித்ததும் மறந்துபோனது.

ஜூலை 13, சனி

சேலம் போய் வந்தேன். கீழே இறங்க இறங்க வெயில். ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கடை கடையாக. எல்லாக் கடையிலும் பெரிய டப்பாவிலிருந்து எண்ணிக் காகித உறையில் போடுகிறார்கள். “லேபிள் ஒட்டின பாட்டிலா? அதெல்லாம் ஆருங்க கேக்கறாங்க?” என்றார் ஒருவர். நான்காவது கடைக்காரர் நல்ல மனிதர். சின்னச் சீல் பாட்டில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். டாக்டர் சீட்டு புதிதாக, முழுப் பெயரோடு வேண்டுமாம்.

மல்லிகை வாங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் தூங்கிவிட்டேன். இறங்கும்போது பூ முழுக்கப் பக்கத்து அம்மாள் மடியில்.

திரும்பும் வழியில் ஒண்டிக்கடை முக்கில் நல்லம்மா கடை. தலைச்சோலைக் கிராமத்துக்காரி. காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டி விற்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவள் கடையில்தான் விழுந்தேன். தலைக்கு அடியில் சாக்கை மடித்து வைத்து, கதவைச் சாத்தி, வெளியே நின்றவர்களிடம் “டீச்சரு விரதமுங்க, மயக்கம் போட்டுருச்சு” என்று சொன்னவள். டாக்டரம்மாவுக்கு அடுத்து இந்த மலையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் தையல் மிஷின் பக்கம் விடுவார்களா?

மாத்திரைக்கு வழி சொன்னதும் அவள்தான். இந்த ஊர் ஈரத்தில் ஒரே வாரத்தில் வெள்ளைச்சி நமுத்து மாவாகிவிடுவாள். “வறுத்த கொட்டைக்குள்ள பொதைச்சு வையுங்க டீச்சர். ஈரத்தையெல்லாம் அது குடிச்சுப்போடும்.” துணியில் முடிந்து, கொட்டை டப்பாவில் புதைத்து, அன்றிலிருந்து அப்படித்தான். ஏழு மணிக்கு விளக்குக்கூட வேண்டாம், கை தானாக டப்பாவுக்குப் போகும், விரல் முடிச்சைத் தேடும். என் மாத்திரைக்கு இப்போது காப்பி வாசம்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“போயிட்டு வாங்க டீச்சர். அக்காளுக்கு அங்க ஆரு இருக்கறா?”

“இத்தனை சட்டம் இருக்கே நல்லம்மா.”

“சட்டம் கெடக்குதுங்க. மாத்தரை திங்காம இருக்க முடியுமுங்களா?”

முடியாது. அதுதான் விஷயம்.

ஜூலை 16, செவ்வாய்

வெயில் பத்து நிமிஷம். பிறகு பழையபடி.

டாக்டரம்மாவிடம். என் பிறப்பையே பார்த்தவர், எழுபதை நெருங்குகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடினார்.

“ரெண்டு மாசத்துக்குத்தான் எழுத முடியும் கண்ணு. அதுக்கு மேல எழுதினா வாங்கி விக்கறியான்னு கேப்பாங்க.”

“கொஞ்ச நாள் மாத்திரை இல்லாம இருந்து பாக்கட்டுங்களா? ரெண்டு வருஷமா ஒண்ணும் வரல.”

எழுதுவதை நிறுத்திவிட்டார். “வராததுக்குக் காரணமே அதுதான். திடுதிப்புனு நிறுத்தினா ஒண்ணு மேல ஒண்ணா வந்து அடிக்கும். ஏரோப்பிளேன்ல வந்தா என்ன பண்ணுவே? புள்ளையக் கையில வச்சிருக்கறப்ப வந்தா?”

இந்தக் கடைசிக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. குழந்தையைக் கையில் வாங்குவதுபோல் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கீழே விடுவதுபோல் இன்றுதான் முதல் தடவை நினைத்தேன். 

ஆக, மாத்திரை இல்லாமல் போக முடியாது. ஊரறியச் சொல்லாமல் மாத்திரையோடும் போக முடியாது. போகாமல் இருக்கலாம். அது முடியுமா?

முடியாது என்று எழுதிவிட்டு விளக்கை அணைக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

டாக்டரம்மாவின் கையெழுத்து அவருக்கே கோர்ட்டில் வைத்துக் கேட்டாலும் தெரியாது. டைப் அடிக்க இந்த ஊரில் இருப்பது ஒரே இடம், ஒண்டிக்கடை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். சாமுவேல் சார். யாருக்கு லோன், யாருக்கு மாற்றல், யார் பெண்ணுக்கு ஜாதகம் போகிறது, எல்லாம் அவர் விரலைத் தாண்டித்தான்.

கடைசிப் பெண் எழுந்து போகும்வரை வெளியே பேரிக்காய் பேரம் பேசினேன். தேவையில்லாமல் மூன்று கிலோ.

காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் காது சுட்டது. பிறகு டக் டக் என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தும் தெரு முனைக்குக் கேட்பதுபோல் இருந்தது.

“கார்பன் காப்பி வேணுமுங்களா டீச்சர்?”

“ஒண்ணு. அந்தக் கார்பன் தாளும் வேணும் சார்.”

“கார்பன் எதுக்குங்க? இன்னும் பத்துத் தடவைக்கு வருமே.”

“வேணும் சார்.”

வெளிச்சத்தில் பிடித்தால் அதில் எல்லாம் தெரியும். வலிப்பு, அதன் இங்கிலீஷ்ப் பெயர், அமலோற்பவ மேரி. அவரும் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மடித்து உறையில் போட்டு, உறையை ஒட்டியும் கொடுத்தார். நல்லம்மா அந்தக் கார்பனைத் தன் கடை வறுவல் அடுப்பில் போட்டாள். நீலமாகப் புகைந்தது.

இரண்டு பேரும் சிரித்தோம். கொலை செய்துவிட்டுத் தடயத்தை அழிக்கிறவர்கள் மாதிரி.

டாக்டரம்மா கையெழுத்து, முத்திரை, வாங்கியாயிற்று. புதுச் சீட்டு சேலத்துக்குப் போய்விட்டது, பாட்டில் நாளைய பஸ்ஸில் கண்டக்டரிடம் வரும்.

ஜூலை 21, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியார் பிரசங்கத்தில் பாதி தூக்கம். ஜன்னல் வழியாகப் பனி கோவிலுக்குள் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் மூன்று பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சிங்கப்பூருக்குக் கலியாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேனாம். டாக்டர் வீடு, டைப் அடித்தது, சேலம், மல்லிகை, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். “ஏனுங்க டீச்சர், மாப்பிள்ளை என்ன வேலைங்க?” முப்பத்தாறு வயதில் இப்படி ஒரு வதந்தி. மறுக்க மனம் வரவில்லை. சாமுவேல் சார் வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவருக்கு ஒரு கிலோ பேரிக்காய் அனுப்ப வேண்டும், வாங்கியது வீட்டில்தானே கிடக்கிறது.

மாலை, பெட்டி. புடவை ஆறு. குழந்தைக்கு நான் தைத்த சட்டைகள், அளவு தெரியாமல் மூன்று அளவில். சின்னக் கம்பளி, அங்கே குளிரே கிடையாது என்கிறார்கள், இருந்தாலும். பாட்டில் கைப்பையில், கடிதம் அதன் மேல், கார்பன் காப்பி பாஸ்போர்ட்டுக்குள்.

வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரைகளைத் துணி முடிச்சோடு, கொட்டை டப்பாவோடு, நல்லம்மாவிடம் கொடுத்தேன். வரும்வரை நமுக்காமல் பார்த்துக்கொள் என்று.

“இதையுங் கொண்டுக்கிட்டுப் போனா என்னங்க?”

“கடுதாசியில எழுதினதுக்கு மேல ஒண்ணுகூட ஆகாது.”

“புள்ளப்பேறு என்னங்க பஸ்ஸா, டயத்துக்கு வர? தள்ளிப்போச்சுன்னா?”

“அங்க டாக்டர் இல்லாமலா போவாங்க?”

“நம்ம டாக்டரம்மா மாதிரி இருப்பாங்களாக்கும்” என்றாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் பிரிவு என்று நினைத்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு. பனியில் பஸ்ஸின் இரண்டு விளக்கு மட்டும் வந்து நின்றன.

நல்லம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் புது எவர்சில்வர் டப்பா, மூடியைச் சுற்றி நூல். “அக்கா ஊட்டுக்குக் காப்பித்தூளுங்க. நேத்து வறுத்து அரைச்சது. நொம்ப நாளைக்கு வரும்.” பையில் இடமில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டேன். வண்டி முழுக்க மணம்.

“பத்தரமுங்க டீச்சர். டப்பாவ மட்டும் எங்கயும் வச்சுட்டுப் போயிராதீங்க.”

எத்தனை அக்கறை என்று நினைத்தேன். வளைவு திரும்பும்போது பார்த்தேன், பனிக்குள் சேலையின் சிவப்பு மட்டும்.

சேலத்திலிருந்து ராத்திரி ரயில்.

ஜூலை 24, புதன்

சென்னை. வெக்கை. திருச்சபைப் பெண்கள் விடுதியில் ஓர் அறை. நாளைக் காலை விமானம்.

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ரயிலில் தூக்கமில்லாததால் மத்தியானம் படுத்தேன். கண் விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது, கரண்ட் இல்லை. எந்த ஊர், எந்த வீடு என்ற நினைவே இல்லை. கை தானாகத் தலைமாட்டுக்குப் போனது. டப்பா இருந்தது. மூடியைத் திறந்தேன். விரல் உள்ளே போனது, கொட்டைக்குப் பதில் தூள், மெத்தென்று. முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்து ஒன்றை எடுத்து, கூஜாத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, முடிச்சைப் போட்டு, உள்ளே புதைத்து, படுத்துக்கொண்டேன். வெளியே பேரிக்காய் ஒன்று விழுந்தது.

சென்னையில் ஏது பேரிமரம்?

எழுந்து உட்கார்ந்தேன். வெளியே யாரோ வாளியை வைத்த சத்தம்தான் அது. மாத்திரை மட்டும் நிஜம். வாயில் காப்பிக் கசப்பு இருந்தது.

மெழுகுவத்தி ஏற்றி, பேப்பரை விரித்துக் கொட்டினேன். தூளுக்கு நடுவில் என் துணி, நான் கொடுத்து வைத்த முடிச்சு, இப்போது விழுங்கியது போக அப்படியே. பிள்ளைப்பேறு தள்ளிப்போனால் எனக்கு மாத்திரை இல்லாமல் போகக் கூடாதென்று. ஈரம் ஏறக் கூடாதென்று. அவளுக்குத் தெரிந்த இடத்தில், இரண்டு வருஷமாக நானே வைத்த இடத்தில்தான் வைத்திருக்கிறாள். கடல் தாண்டினால் அந்த இடத்துக்குக் கடத்தல் என்று பெயர்.

அடி நல்லம்மா, என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தாயே. கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, பிறகு நிறுத்த முடியாமல் அழுதேன். இந்த உலகத்தில் என்னை விழாமல் பார்த்துக்கொள்ள இப்படி ஒருத்தி.

மாத்திரைகளைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளைச்சியை இப்படி அனுப்பியது நெஞ்சை என்னவோ செய்தது. சமையல்கார அம்மாவிடம் ரவைச் சல்லடை கேட்டேன். “காப்பித்தூளையா சலிக்கறே?” என்றார். கல் இருக்கும்போல என்றேன். இரண்டு தடவை சலித்தேன். ஒன்றுமில்லை. மறுபடி சலித்தேன்.

துணியை மட்டும் வைத்துக்கொண்டேன். உதறி, மோந்து பார்த்து, துவைத்து.

ஜூலை 25, வியாழன்

விமானத்தில் ஜன்னல் பக்கம். வெளியே ஏற்காடு மாதிரியே பனி, மணிக்கணக்கில். பக்கத்து இருக்கைக்காரர் அது மேகம் என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நல்லம்மாவுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டாள்.

இறங்கியதும் பளபளப்பு. பச்சை வழியில் எல்லோரும் போனார்கள், வேட்டிகளும் புடவைகளும் அட்டைப் பெட்டிகளும். கால் அவர்களோடு போகப் பார்த்தது. இழுத்துக்கொண்டு சிவப்புக்குத் திரும்பினேன். அங்கேயும் என் விமானத்து ஆட்கள் சிலர், பின்னால்.

அதிகாரி சீனப் பெண். கேட்பதற்கு முன்னால் பாட்டில், கடிதம், பாஸ்போர்ட், வரிசையாக வைத்தேன். படித்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார், வேகமாக. விழித்தேன். தமிழ்ப் பையன் ஒருவரைக் கூப்பிட்டார். சீருடை போட்டவர், சின்ன வயது, நல்ல கணீர்க் குரல். இத்தனை கணீர் வேண்டாம் என்று தோன்றியது.

“அம்மா, இந்த மருந்து எதுக்கு?”

கடிதத்தில் இருக்கிறது என்று விரலால் காட்டினேன்.

“நீங்க வாயால சொல்லணும்மா.”

பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது கேட்டது. பதினாறு வயதிலிருந்து விரதம், பித்தம், வெயில், ரத்தசோகை என்று எத்தனை பெயர் வைத்திருப்பேன்.

“எனக்கு வலிப்பு வருமுங்க. அதுக்கு” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

கூரை இடியவில்லை. அந்தப் பெண் மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார், திரும்பப் போட்டார், கடிதத்தில் முத்திரை குத்தினார். பிறகு டப்பாவைக் காட்டினார். காப்பித்தூள் என்றேன். நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் கிளறினார், அடி வரைக்கும். நான் நேற்றுச் சலித்ததை நம்பிக்கொண்டு நின்றேன். மோந்து பார்த்தார். இன்னொரு தடவையும் மோந்து பார்த்தார், அது சட்டத்துக்காக அல்ல. மூடிக் கொடுத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. வயிறு முன்னால், முகம் பின்னால். பக்கத்தில் அத்தான்.

காரில் அவள் காதோடு சொன்னேன், அத்தனை பேர் முன்னால் கத்திச் சொல்லிவிட்டேன் என்று.

“பாத்தேன்டி. நீ வாயத் தொறந்தது தெரிஞ்சது, கேக்கல. என்ன சொன்னே?”

“வலிப்புன்னு.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு சின்ன உதை.

வீடு பத்தாவது மாடி. அத்தை வெள்ளைச் சேலை, கண்டிப்பான முகம், ஆனால் எனக்குப் பிடித்த மீன் குழம்பு. சாப்பாட்டு மேசையில் நல்லம்மா காப்பித்தூள் டப்பா, எல்லோரும் மோந்து பார்த்தார்கள். கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுக்கும்போது பாட்டில் உருண்டு மேசைக்கு வந்துவிட்டது. அத்தை கை அதை நிறுத்தியது.

“இது என்ன மாத்திரை?”

“இரும்பு...” என்று தொடங்கினேன். பாதிச் சொல், அதற்குள்.

“வலிப்புக்கு அத்தை” என்றாள் அக்கா. குழம்பை ஊற்றிக்கொண்டே. “பதினாறு வயசுலேருந்து போடறா. எங்க வீட்டுல அவளுக்கு மட்டும்தான். மறைக்கச் சொல்லி நான்தான் எழுதினேன்.”

அத்தான் தட்டைப் பார்த்தார்.  அத்தை பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளை முழுக்க வாசித்தார். பிறகு அக்கா வயிற்றைப் பார்த்தார். 

“எத்தனை மணிக்குப் போடணும்?” என்றார் என்னிடம்.

“ஏழு மணிக்குங்க.”

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். “ஏழேகால் ஆச்சே” என்றார். எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்.